டீசல் வாங்காத அந்த வாரம்

முதல் நாள்

பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்கு இரண்டு விஷயம்தான் சொல்லிக்கொடுத்தார்.

"தம்பி, இந்த வளாகத்துக்குள்ள பீடி, தீப்பெட்டி எதுவும் கூடாது. வண்டிக்காரர் மீட்டர்ல ஜீரோ பாத்தாரான்னு கேக்காம பம்பு நாசில அமுக்கக் கூடாது. மத்ததெல்லாம் போகப் போகத் தெரிஞ்சிக்கலாம்."

அவரை எல்லோரும் மரைக்கார் முதலாளி என்பார்கள். அதிராம்பட்டினத்துக்காரர். நானும் அதே ஊர்தான், கடற்கரைத் தெரு. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரை கண்ணுக்கு மறைந்தால் வயிற்றைப் புரட்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்ததால் அப்பா என்னை அழைத்துப்போய் மரைக்கார் முன்னால் நிறுத்தி, "இவன் தரையிலயே பொழைச்சிக்கட்டும்" என்றார். முத்துப்பேட்டை ரோட்டில் இருந்த அவருடைய பங்கில் டீசல் பம்ப் என் பொறுப்புக்கு வந்தது.

அன்று எனக்கு வாய்த்த முதல் கஸ்டமர் ஒரு டிராக்டர். டிரைலரில் காலி பேரல் நின்றது. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. பேரல் நிரம்பி, டீசல் பொங்கி, என் சட்டை, வேட்டி எல்லாம் நனைந்துவிட்டது. டிரைவர் சீட்டிலிருந்து குதித்து ஓடி வந்தவன் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

"மொதல் நாளா? எனக்கும் மொதல் நாள் வண்டி வாய்க்காலுக்குள்ள போயிடுச்சு. தொடைச்சிக்க."

அவன்தான் தங்கராசு. என் வயதுதான் அவனுக்கும்.

புங்க மரத்தடி

தங்கராசுவுக்கு ஊர் புதுவெளி. பங்கிலிருந்து வடக்கே இரண்டு மைல். அந்த ஊரில் பெரிய பண்ணை துரைசாமி ஐயாவுடையது. அதில் டிராக்டர் ஓட்டுவதுதான் அவன் வேலை.

கடற்கரைத் தெருக்காரனுக்கு வயல் விஷயம் என்ன தெரியும்? எல்லாம் அவன்தான் சொன்னான். கல்லணைக் கால்வாயின் கடைமடை என்பதால் எங்கள் பக்கம் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். வந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை முடிவதற்குள் சேறடித்து நடவு போட்டாக வேண்டும். அந்த அவசரத்துக்காகத்தான் பண்ணையார் டிராக்டர் வாங்கினாராம். அதற்கு முன் அந்தப் பண்ணையில் வரிசையாக ஏர் இறங்கும். ஏர் ஓட்டிகளில் மூத்தவர் தங்கராசுவின் அப்பா மாணிக்கம். டிராக்டர் வந்த வருஷம் ஏரெல்லாம் நின்றுபோனது. அடுத்த வருஷம் அந்த டிராக்டரிலேயே மகன் ஏறி உட்கார்ந்தான்.

"எங்கப்பன் எங்கூடப் பேசறதில்லடா. ஒரே வீட்டுலதான் கெடக்கறோம். சோறு வேணும்னாலும் எங்கம்மாகிட்டதான் சொல்லும்" என்பான்.

பங்கின் ஓரத்தில் ஒரு புங்க மரம் நின்றது. மத்தியான வேளையில் தங்கராசு டிராக்டரை அங்கே நிறுத்திவிட்டு வந்து உட்காருவான். அவன் தூக்குவாளியில் பழைய சோறு இருக்கும். என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. பங்கிட்டுச் சாப்பிடுவோம். அவன் பேசிக்கொண்டே இருப்பான். டேங்கர் வந்து, எண்ணெய் மட்டம் அளக்க நான் டிப் ராட் எடுத்துக்கொண்டு ஓடினாலும், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருவான். இத்தனை வருஷத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். யாரோடும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு இல்லாத வருஷம் கிடையாது. அறுப்புக் காலத்தில் போலீஸ் வேன் வரப்போரமாக நிற்பதைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் கொடிக்கம்பங்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் துரைசாமி ஐயாவின் வேட்டிக் கரையும் மாறும் என்று தங்கராசு சொல்லிச் சிரிப்பான். ஐயா காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான்தான் சுற்றுமுற்றும் பார்ப்பேன்.

பேரல் வரிசை

எழுபதுகளின் கடைசி அது. எங்கோ எண்ணெய் நாடுகளில் நடந்த குழப்பத்தில் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கேயும் அடுத்தடுத்து ஏறியது. விலைப் பலகையை மாற்றி எழுதுவது என் வேலை. பலகையில் சாக்பீஸ் வைத்தாலே ரோட்டில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"என்னப்பா, மறுபடியுமா? ஒங்க முதலாளிக்கு வயிறு ரொம்பவே இல்லியா?"

முதலாளி உள்ளேயிருந்து வருவார். "ஐயா, வெலைய நானா போடறேன்? டெல்லியில போடறாங்க. எனக்கு வர்றது கமிஷன்தான். வெலை ஏறினா லோடு எடுக்க நாந்தான் கூடுதலா பணம் பொரட்டணும்." யாரும் நம்பமாட்டார்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவர்கள் நாங்கள்தானே.

சம்பா சேறடிப்பு தொடங்குகிற நேரத்தில் இன்னொரு முறை ஏறியது. துரைசாமி ஐயா சுற்றுப்பட்டு நிலக்காரர்களையும் டிராக்டர்காரர்களையும் கூட்டி ஒரு சங்கம் சேர்த்தார். அவரே தலைவர். விலை இறங்கும் வரை டீசல் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பகிஷ்காரம் தொடங்கும் நாளை நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள்.

அதற்கு முந்தின நாள் பங்கில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். பொழுது விடிந்ததிலிருந்து கூட்டம். டிரைலரில் பேரல், மாட்டு வண்டியில் பேரல், சைக்கிள் கேரியரில் கேன். தவலையோடுகூட ஒருவர் வந்தார். நாளை முதல் டீசல் வாங்கமாட்டோம் என்று நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும். நாசிலைப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துப்போனது. இரண்டு மணிக்கே டேங்க் அடி தட்டிவிட்டது.

முதலாளி திண்டாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார். "பெருமாளு, என் வாழ்நாள்ல இப்படி ஒரு வியாபாரம் பாத்ததில்லப்பா. பகிஷ்காரம் பண்ணினா இவ்ளோ விக்கும்னா மாசா மாசம் பண்ணச் சொல்லலாம் போலிருக்கே."

அன்று சாயங்காலம் கடைசியாக வந்தது துரைசாமி ஐயா வீட்டு டிரைலர். பேரலோடு தங்கராசு இறங்கினான். டேங்க் காலி என்றேன். அவன் சத்தமே இல்லாமல் சிரித்தான்.

"இது ரெண்டாவது நடைடா. காலையில ஒரு பேரல் ஏத்திக்கிட்டுப் போனப்ப நீ சாப்பிடப் போயிருந்த. களத்துல வைக்கோல் போருக்குப் பின்னாடி எறக்கி வச்சிருக்கேன். தலைவர் வீட்டுல இல்லாம போவுமா?"

ஏர் இறங்கியது

மறுநாள் பங்குக்கு எதிரே பந்தல் போட்டார்கள். துணியில் எழுதிக் கட்டி, நாற்காலி போட்டு, துரைசாமி ஐயாவும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்தார்கள். ராத்திரி வந்த புது லோடிலிருந்து பஸ்ஸும் லாரியும் டீசல் போட்டுக்கொண்டு போனதைத் தடுக்கவில்லை. அவை வெளியூர் வண்டிகள். எங்கள் தெருவின் எஞ்சின் படகுகளும் வாங்கின. "கடலுக்குப் போறவன்கிட்ட நாளைக்கி வான்னு சொல்ல முடியுமா?" என்று அண்ணன் கேட்டார். அவர்களையும் விட்டுவிட்டார்கள். ஆனால் டிராக்டர் ஒன்றுகூட வரவில்லை. முதலாளி பந்தலுக்கு டீ அனுப்பினார். அவர்களும் வாங்கிக் குடித்தார்கள்.

முதல் நாள் நடிப்பாகத்தான் இருந்தது. பேரலில் டீசல் இருக்கிறவர்களுக்கு என்ன கஷ்டம்? ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்கவில்லை. வயலில் டிராக்டர் ஓடினால், டீசல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வாடகைக்கு ஓட்டுகிற சின்ன டிராக்டர்காரர்களிடம் பேரல் வாங்கப் பணம் இல்லை. அவர்கள் வண்டி நிற்கும்போது பண்ணை வண்டி ஓடினால் சங்கம் உடைந்துபோகும். அதனால் எல்லா டிராக்டரும் நிஜமாகவே நின்றன. வாய்க்காலிலோ முறைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் துரைசாமி ஐயா மாணிக்கத்துக்கு ஆள் அனுப்பினார். தெருவில் எவர் வீட்டில் மாடு இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் ஏர் கட்டிக்கொண்டு வர வேண்டும். கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் வயலில் இறக்குவதற்கு முன் வரப்பில் நின்று கூலி பேசினார்கள். கூலி கொஞ்சம் கூட்டித் தர வேண்டும். அதோடு, டிராக்டர் திரும்ப ஓடினாலும் ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் வடிகால் ஓரத்து வயல்கள் ஏருக்குத்தான் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் ஐயா சரி என்றார்.

பங்கில் எனக்கு வேலை குறைவு. மத்தியானத்தில் முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுவெளிக்குப் போனேன். வரப்பில் நின்று பார்த்தால் வரிசையாக ஏர்கள். சேற்றில் மாடுகளின் கால் இறங்கி ஏறும் சத்தம். எஞ்சின் சத்தமே இல்லை. மூன்றாவது ஏரில் மேழியைப் பிடித்திருந்தவன் தங்கராசு. அவனுக்கு முன்னால் அவன் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"காலை அகட்டி நடறா! மாட்டு மேல ஏறி உக்காந்துரப் போற. இதுக்கு ஸ்டேரிங் கிடையாது!"

வயலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாற்றங்காலில் நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து சிரித்தார்கள். தங்கராசு என்னைப் பார்த்துவிட்டான்.

"கேட்டியாடா? எங்கப்பன் பேசிடுச்சுடா!" என்று அங்கிருந்தே கத்தினான்.

முழங்கால் வரை சேறு, முகத்திலும் சேறு. அவன் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் முகத்தை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு வருவது அந்த முகம்தான். என்னிடம் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை.

பந்தலுக்கு முன்னால்

நாலைந்து நாள் இப்படிப் போனது. விலை இறங்குவதாகத் தெரியவில்லை. பந்தலில் பேச்சு குறைந்தது. வாடகை டிராக்டர்காரர்கள் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். முறைத் தண்ணீர் நிற்கப்போகிறது என்று தகவல் வந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். வடக்கேயிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். தங்கராசு வந்துகொண்டிருந்தான். சேறடிக்கிற இரும்புச் சக்கரம் மாட்டாமல் ரப்பர் டயரிலேயே வந்தான். எஞ்சின் இருமி இருமி வந்து, சரியாக எங்கள் டீசல் பம்புக்கு எதிரே நின்றுபோனது. அவன் இறங்கி, ரோட்டைக் கடந்து, பந்தலுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, வண்டி நின்னு போச்சு. டீசல் இல்ல."

துரைசாமி ஐயாவுக்கு முகம் சிவந்தது. "வண்டிய யார்றா எடுக்கச் சொன்னா?"

"நீங்கதான் ஐயா. விடியற்காலையில கூப்பிட்டு, வடிகால் ஓரத்து வயல சத்தமில்லாம சேறடிச்சிடுன்னு சொன்னீங்க."

பந்தலில் இருந்தவர்கள் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வடிகால் ஓரத்து வயல்கள்தான் ஏருக்கு என்று வாக்குக் கொடுக்கப்பட்டவை. மறுநாள் அங்கே மாணிக்கத்தின் ஏர் இறங்குவதாக இருந்தது.

"டேய், என்ன ஒளறுற?"

"களத்துல வைக்கோல் போருக்குப் பின்னாடி இருக்கற பேரல்லேர்ந்து ஊத்திக்கடான்னும் சொன்னீங்க. எனக்குத்தான் கை வரல ஐயா. ஊரே பகிஷ்காரம்னு உக்காந்திருக்கறப்ப எப்படி ஊத்தறது? டேங்குல கெடந்ததை வச்சிக்கிட்டு ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். போயி அந்தப் பேரல எடுத்தாரட்டுமா?"

அவன் குரலில் கேலி இல்லை. கூலிக்காரன் முதலாளியிடம் கேட்கிற அதே பணிவுதான். ஆனால் அந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டவனை அந்தப் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கே தெரியும். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

வாடகை டிராக்டர்காரர் ஒருவர் எழுந்தார். "என்ன ஐயா, பேரலா? நாங்க வண்டிய நிறுத்திட்டு வட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்..."

"எந்தப் பேரலு? எங்கிட்ட ஏதுய்யா பேரலு? இவன் குடிச்சிட்டு ஒளர்றான்." ஐயா எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "டேய் பெருமாளு, அந்த வண்டிக்கு டீசலப் போடு. நடு ரோட்டுலயா கெடக்கும்? ஊருக்குக் கொண்டுபோயி நிறுத்தணும்ல."

பேரல் இல்லை என்று காட்டுவதற்காக, பகிஷ்காரத் தலைவரே டீசல் வாங்குகிறார். அது அவருக்கு அந்தக் கணத்தில் உறைக்கவில்லை.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். "போடு தம்பி. யாரு கேட்டாலும் போடறதுதான் நம்ம வேலை."

நாசிலை எடுத்தேன். "ஜீரோ பாத்துக்குங்க ஐயா" என்று வழக்கப்படி சொன்னேன். அவர் பார்க்கவில்லை. பந்தலே பார்த்தது.

நான் டேங்க் மூடியைப் போடுவதற்குள் வாடகை டிராக்டர்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் கேன் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். மத்தியானம் பங்கில் வரிசை நின்றது. சாயங்காலம் பந்தல் பிரித்தார்கள். அந்த மாசக் கணக்கு முடித்தபோது டீசல் விற்பனை எப்போதும் போலத்தான் இருந்தது. முன்னால் வாங்கினார்கள், பின்னால் வாங்கினார்கள், நடுவில் சில நாள் வாங்கவில்லை. அவ்வளவுதான். விலை ஒரு பைசாகூட இறங்கவில்லை. சில மாசத்தில் மறுபடியும் பலகையை மாற்றி எழுதினேன்.

ரயிலடி

வண்டியைத் திருடிக்கொண்டு போனான் என்று மறுநாளே தங்கராசு மேல் புகார் போனது. அவன் புங்க மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தான். சாப்பாடு கொண்டுவரவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணின? சத்தமில்லாம வேலைய விட்டு நின்னிருக்கலாம்ல?" என்றேன்.

"நான் நின்னா வேற டிரைவர் வந்து ஓட்டுவான். எங்கப்பன் மறுநாள் ஏர் கட்டிக்கிட்டுப் போயி, சேறடிச்ச வயலப் பாத்துட்டு நிப்பாரு. அத என்னால பாக்க முடியாதுடா."

முதலாளிதான் நடுவில் புகுந்தார். துரைசாமி ஐயா வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசினார். பையன் ஊரைவிட்டே போய்விடுவதானால் புகாரை வாபஸ் வாங்குவதாக ஐயா ஒத்துக்கொண்டார். வடிகால் ஓரத்து வயல்களில் அந்தப் பட்டம் ஏர் இறங்கியது. ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் வாக்கை மீற முடியவில்லை. அடுத்த வருஷம் டிராக்டர்தான்.

அதிராம்பட்டினத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். முதலாளியின் மச்சான் ஒருவர் வளைகுடாவில் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மூலமாகத் தங்கராசுவுக்கு டிரைவர் விசா வந்தது. மாணிக்கம் தன் மாடுகளை விற்றார். எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை.

ரயிலடிக்கு நானும் போனேன். பம்பாய்க்குப் போய் அங்கிருந்து பிளேன். தங்கராசு புதுச் சட்டை போட்டிருந்தான். கைப்பிடி புதிதாகத் தைத்த பை. மாணிக்கம் தூணோரம் நின்றுகொண்டு ரயில் வருகிற பக்கமே பார்த்தார்.

"பெருமாளு, இந்த டீசலெல்லாம் நான் போற பக்கத்துலேர்ந்துதான் வருதாம்ல? போயி கேட்டுட்டு வர்றேன், ஏன்யா இப்படி வெல வைக்கிறீங்கன்னு."

நான் சிரித்தேன். ரயில் கிளம்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் மத்தியானம் மரத்தடிக்குப் போகாமல் கல்லா அறை ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் அப்படித்தான்.

லீவு

முதல் லீவுக்கு அவன் வந்தது மூன்று வருஷம் கழித்து. நேரே பங்குக்குத்தான் வந்தான். சென்ட் வாசனை, கறுப்புக் கண்ணாடி. எனக்கு ஒரு டார்ச் லைட் கொண்டுவந்திருந்தான். அதற்குள் நான் கேஷ் கவுண்டருக்கு வந்திருந்தேன். கல்யாணமும் ஆகியிருந்தது.

"கேட்டியாடா, ஏன் வெல வைக்கறாங்கன்னு?"

"யாருகிட்டடா கேக்கறது? நான் தண்ணி லாரி ஓட்டறேன். எண்ணெய்க் கெணறு தோண்டறவனுக்கும் தெரியாது, கொழாய் போடறவனுக்கும் தெரியாது. நம்ம பகிஷ்காரத்தப் பத்தி ரூம்ல சொன்னேன். ஒருத்தனும் கேள்விப்பட்டதில்லடா!"

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இன்னொன்று சொன்னான். அவன் லாரி போகிற வழியில் பாலைவனத்தில் ஒரு உயரமான குழாய் இருக்கிறதாம். அதன் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்குமாம். எண்ணெயோடு வருகிற வாயுவைச் சும்மா எரிக்கிறார்களாம்.

"பகல்லயும் எரியுதுடா. ஒலை வைக்கறதுக்கு இல்ல, ஒண்ணுத்துக்கும் இல்ல. அதப் பாக்கறப்பல்லாம் நீ நாசில ஒதறி கடைசிச் சொட்டையும் டேங்குல விடுவல்ல, அதுதான் ஞாபகம் வரும்."

இரண்டாவது லீவில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு மாசம்கூட முழுசாக இருக்கவில்லை. "இன்னும் ஒரு காண்ட்ராக்ட் முடிச்சிட்டு வந்துடறேன்டா. ஊருலயே ஒரு சின்ன டிராக்டர் வாங்கி, எங்க தெரு ஆளுங்க நெலத்துக்கு மட்டும் ஓட்டுவோம். எங்கப்பனையே மொதல்ல ஏத்தி உக்கார வைக்கறேன் பாரு" என்றான். அவன் வருவான் என்று நான் நாள் எண்ணவில்லை. வரத்தான் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

கற்றுக்கொண்டது

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பங்குகளில் வேலை பார்த்து, மேனேஜராக ரிட்டையர் ஆனவன் நான். இப்போதும் விலை ஏறினால் பழைய பங்குப் பையன்கள் போனில் எனக்கு ஒரு செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். இன்ன தேதியில் யாரும் பெட்ரோல் போடாதீர்கள், கம்பெனிகள் பணிந்துவிடும் என்று இருக்கும். "நடக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாள் வாங்காமல் இருப்பதால் எதுவும் ஆகாது. முந்தின நாள் வரிசையையும் மறுநாள் வரிசையையும் பங்கில் நின்று பார்த்தவனுக்கு அது தெரியும். வாங்குவதை நிறுத்தினால் போதாது, எரிப்பதை நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் அந்தச் சில நாட்கள் டிராக்டர்கள் எரிப்பதையும் நிறுத்தின. விலை அப்போதும் இறங்கவில்லை, அதற்கு நாங்கள் ரொம்பச் சின்ன ஊர். ஆனால் நிறுத்தியவுடனே யார் யாரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டது. ஏர் பிடிக்கிறவனின் தயவு வேண்டும் என்றானதும், டீசல் விலையே தேவலாம் என்று பண்ணையாருக்குத் தோன்றிவிட்டது. எல்லாப் பகிஷ்காரத்திலும் இப்படி ஒரு இடம் வரும். அங்கே தாங்கி நிற்கிறவன் யார், பேரல் வைத்திருக்கிறவன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் வேலை பார்த்த பங்கில் கற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாவது காண்ட்ராக்ட் முடிய இருந்த சமயத்தில் தங்கராசுவின் லாரி பாலைவன ரோட்டில் கவிழ்ந்தது. தந்தி முதலாளி வீட்டுக்குத்தான் வந்தது. உடல் மெட்ராஸ் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. மாணிக்கமும் நானும் மீனம்பாக்கம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். பெரிய மரப்பெட்டி. ஒரு வேன் பேசி ஏற்றினோம். அவர் முன் சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் பெட்டியோரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வளைவுகளில் அது நகராதபடி கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

விழுப்புரம் தாண்டியதும் டிரைவர், "அண்ணே, டீசல் போட்டுக்கலாம். இதுக்கு மேல தாங்காது" என்று ஒரு பங்கில் வண்டியைத் திருப்பினான். நல்ல வெயில். நான் இறங்கிப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். மாணிக்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

"டீசல் போடறாங்கப்பா."

"போடச் சொல்லு, போடச் சொல்லு. புள்ள வீட்டுக்குப் போவணும்ல."

டிரைவர் கேட்ட பணத்தை எடுத்துக்கொடுத்தேன். எந்த ஊர்ப் பங்கைக் கடந்தாலும் என் கண் முதலில் போவது விலைப் பலகைக்குத்தான். அன்று அந்தப் பங்கில் பலகை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.